கோவளத்தில் முதல் சர்ஃபிங் பாடம்: தனிப் பயிற்சியை எப்படிப் பயன்படுத்திக்கொள்வது?

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் 40 கி.மீ. தெற்கே போனால், முட்டுக்காடு உப்பங்கழியைத் தாண்டியதும் கோவளம் வருகிறது. மீன்பிடித் தொழிலையே நம்பியிருந்த இந்த ஊரில், மூர்த்தி மேகவன் என்ற மீனவர் அலைமேல் பலகையில் நிற்கத் தாமே பழகி, பிறகு குப்பத்துப் பிள்ளைகளுக்கும் அதைக் கற்றுக்கொடுக்கத் தொடங்கியதிலிருந்து சர்ஃபிங் வேரூன்றிவிட்டது. இன்று கோவளத்திலும் அதற்குத் தெற்கே மாமல்லபுரத்திலும் கற்றுக்கொடுப்பவர்களில் பலர் அந்தக் கரையிலேயே பிறந்து, நடக்கப் பழகிய வயதிலேயே அலையோடும் பழகியவர்கள். பலகையைத் தொட்டே பார்த்திராத ஒருவர், அவர்களில் ஒருவரைத் தமக்கென்று மட்டும் அமர்த்திக்கொண்டு முதல் பாடத்துக்குப் போகும்போது எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன்.

என் முதல் வகுப்பு ஒரு குழு வகுப்பு. ஒரு பயிற்சியாளருக்கு நாங்கள் எட்டுப் பேர் இருந்தோம். ஒன்றரை மணி நேரத்தில் எனக்குக் கிடைத்தவை ஐந்து அலைகள். ஐந்திலும் பலகையின் ஓரங்களை இறுகப் பிடித்துக்கொண்டே எழ முயன்றேன், ஐந்திலும் விழுந்தேன். என்னைத் தள்ளிவிட்ட கையோடு அடுத்தவரைத் தள்ளிவிடத் திரும்ப வேண்டியிருந்ததால், நான் ஏன் விழுகிறேன் என்பதைப் பார்க்க அந்தப் பயிற்சியாளருக்கு நேரம் இருக்கவில்லை. சில வாரங்கள் கழித்துத் தனிப் பயிற்சிக்குப் போனபோது, இரண்டாவது அலையிலேயே அந்தத் தவறு பிடிபட்டுவிட்டது. தனிப் பயிற்சிக்கு நாம் கூடுதலாகக் கொடுக்கும் பணம், நம்மை விட்டு விலகாத அந்தப் பார்வைக்காகத்தான். ஆகவே எத்தனை முறை எழுந்து நின்றோம் என்ற கணக்கை ஒதுக்கிவைத்துவிட்டு, அந்தப் பார்வையிலிருந்து எவ்வளவு வாங்கிக்கொள்ள முடியும் என்பதையே முதல் பாடத்தின் நோக்கமாக வைத்துக்கொள்ள வேண்டும். கீழே சொல்வதெல்லாம் அதற்கான வழிதான்.

எப்போது போவது

பருவத்தை முதலில் பார்க்க வேண்டும். கோடையில் தொடங்கி செப்டம்பர் வரை, இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் எழும் அலைகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்து நம் கரைக்கு வருவதால், அவற்றுக்கு வலுவும் சீரான இடைவெளியும் இருக்கும். ஓரளவு பழகியவர்கள் இந்த மாதங்களுக்காகவே காத்திருப்பார்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் வாடைக்காற்றும் கடலைக் கலக்கிவிடும். நீரோட்டம் வலுத்திருக்கும், புயல் எச்சரிக்கைகளும் வரும். முதல் பாடத்துக்கு அந்த மாதங்களைத் தவிர்த்துவிடுவதே நல்லது. ஜனவரி முதல் மார்ச் வரை அலை சிறியதாகவும் கடல் அமைதியாகவும் இருக்கும் நாள்கள் அதிகம். படத்தில் பார்க்கும் பெரிய அலை இல்லையே என்று புதியவர்கள் வருத்தப்பட வேண்டியதில்லை, ஏனெனில் முதல் பாடம் முழுவதும் முழங்கால் முதல் இடுப்பு வரையிலான உயரத்தில், உடைந்த பின் வரும் நுரை அலையில்தான் நடக்கும். அதற்கு மேல் தேவையும் இல்லை.

நேரத்தைப் பொறுத்தவரை, காலை 6 மணி வகுப்பைக் கேட்டு வாங்குங்கள். இரவில் கடலைவிட நிலம் விரைவாகக் குளிர்ந்துவிடுவதால், விடியற்காலையில் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. கரையை நோக்கி வரும் அலையை அந்தக் காற்று எதிர்கொண்டு தாங்குவதால் அலை உடனே சரியாமல் ஒழுங்காக எழுந்து உடையும். கடலின் மேற்பரப்பும் எண்ணெய் தடவியது போல் வழவழப்பாக இருக்கும். வெயில் ஏறி மணல் சூடானதும் காற்று திசை மாறிக் கடலிலிருந்து வீசத் தொடங்குகிறது. அதன் பிறகு சின்னச் சின்ன அலைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, எது எங்கே உடைகிறது என்று புதியவரால் பிரித்தறிய முடியாமல் போய்விடும். நம் வெயிலுக்கும் அதிகாலைதான் ஏற்றது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பதிவு செய்வதற்கு முன் கேட்க வேண்டியவை

தொலைபேசியில் பேசும்போதே சிலவற்றைத் தெளிவாகக் கேட்டுவிடுங்கள். தனிப் பயிற்சி என்றால் ஒருவருக்கு ஒருவரா, அல்லது இரண்டு பேரைச் சேர்த்துக்கொள்வார்களா என்பது முதல் கேள்வி. சில இடங்களில் இரண்டையும் ஒரே பெயரில் சொல்வார்கள். கட்டணத்தில் பலகை, அதைக் காலோடு பிணைக்கும் கயிறான லீஷ், உடலை ஒட்டிய மேலாடையான ராஷ்கார்டு ஆகியவற்றின் வாடகை அடங்குமா என்றும், பாட நேரம் என்பது தண்ணீரில் இருக்கும் நேரமா, கரையில் கற்றுக்கொள்ளும் நேரத்தையும் சேர்த்தா என்றும் கேளுங்கள். கடல் சரியில்லாத நாளில் வகுப்பை வேறு நாளுக்கு மாற்றித் தருவார்களா என்ற கேள்விக்கு வரும் பதிலை நான் மிகவும் முக்கியமாகக் கருதுகிறேன். தயக்கமில்லாமல் மாற்றித் தருகிறோம் என்று சொல்பவர், வருமானத்தைவிட உங்கள் பாதுகாப்பை முன்னால் வைப்பவர். பயிற்சியாளர் உயிர்காப்புப் பயிற்சியும் முதலுதவிப் பயிற்சியும் பெற்றவரா என்று கேட்பதிலும் தவறில்லை. நல்ல பயிற்சியாளர் எவரும் இந்தக் கேள்வியால் மனம் நோக மாட்டார்.

நீங்களும் மறைக்காமல் சொல்ல வேண்டியவை உண்டு. நீச்சல் தெரியுமா, தெரியுமென்றால் குளத்தில் மட்டுமா கடலிலுமா, தோள்பட்டையிலோ முழங்காலிலோ முதுகிலோ பழைய காயம் உண்டா, வலிப்பு, ஆஸ்துமா, இதயக் கோளாறு ஏதேனும் உண்டா என்பதெல்லாம் பயிற்சியாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நீச்சலே தெரியாதவர்களையும் இடுப்பளவு தண்ணீரில் வைத்துக் கற்றுக்கொடுக்கச் சிலர் ஒப்புக்கொள்வார்கள். இருந்தாலும் ஒரு மாதம் நீச்சல் குளத்துக்குப் போய், குறைந்தது 50 மீட்டர் நிற்காமல் நீந்தவும், களைத்தால் மல்லாந்து மிதக்கவும் கற்றுக்கொண்டு வருவதே நல்லது என்பது என் கருத்து. காலில் கட்டும் லீஷ் அறுந்துபோகக்கூடியது. அறுந்த பிறகு பலகை கரைக்குப் போய்விடும், கடலில் நீங்கள்தான் இருப்பீர்கள்.

அச்சத்தையும் சொல்லிவிடுங்கள். 2004 டிசம்பர் 26-ஐக் கண்ட கரை இது. கடலைப் பார்த்தாலே நெஞ்சு படபடக்கும் குடும்பங்கள் தமிழ்நாட்டுக் கரை நெடுகிலும் இருக்கின்றன. கற்றுக்கொடுப்பவரின் வீட்டிலும் அந்த நினைவு இருக்கக்கூடும். குழு வகுப்பில் அச்சத்தைச் சொல்லக் கூச்சப்பட்டு விழுங்கிவிடுவோம். தனிப் பயிற்சியிலோ, முதல் பத்து நிமிடத்தைப் பலகையே இல்லாமல் அலையில் நின்று பழகுவதற்கு மட்டும் ஒதுக்கச் சொல்லிக் கேட்கலாம். நான் கேட்டேன், அந்தப் பத்து நிமிடம் வீண் போகவில்லை.

உடையும் உடலும்

உடலை ஒட்டிய முழுக்கை மேலாடையும் முழங்கால் வரையோ கணுக்கால் வரையோ இறுக்கமான கீழாடையும் அணியுங்கள். பலகையில் திரும்பத் திரும்பக் குப்புறப் படுப்பதால் வயிற்றிலும் முழங்காலிலும் தோல் உராய்ந்து சிவந்துவிடும், அதைத் தடுக்கத்தான் இந்த உடை. தளர்வான பருத்திச் சட்டை தண்ணீரில் கனத்துக் கையை இழுக்கும். பெண்கள் ராஷ்கார்டும் லெகிங்ஸும் அணிந்து கற்பது இப்போது கோவளத்தில் அன்றாடக் காட்சி. துப்பட்டா வேண்டாம், தலைமுடியை இறுகப் பின்னிக்கொள்ளுங்கள். மோதிரம், தாலிச்சங்கிலி, மெட்டி, தொங்கும் கம்மல் எல்லாவற்றையும் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டு வருவது நல்லது. நகை தொலைவது ஒரு பக்கம் இருக்க, சங்கிலி எதிலாவது சிக்கினால் கழுத்தையே அறுத்துவிடும். கான்டாக்ட் லென்ஸோடு கடலில் இறங்காதீர்கள்.

முகத்துக்கும் கழுத்தின் பின்புறத்துக்கும் பாதத்தின் மேல்பகுதிக்கும் சன்ஸ்கிரீன் தடவுங்கள். மார்பு, வயிறு, உள்ளங்கை, முழங்கால் ஆகியவற்றில் தடவ வேண்டாம். காலையில் தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொள்ளும் பழக்கம் உள்ளவர்கள் அன்று மட்டும் அதை விட்டுவிட வேண்டும். எண்ணெய் பட்ட பலகையில் கை ஊன்றினால் வழுக்கும், அதைக் கழுவி எடுப்பதும் எளிதல்ல. சாப்பாட்டைப் பொறுத்தவரை, வகுப்புக்கு ஒரு மணி நேரம் முன்பே ஒரு வாழைப்பழமோ இரண்டு இட்லியோ போதும். வயிறு நிறைந்திருந்தால் குப்புறப் படுத்துக் கைகளால் தண்ணீரைத் துழாவும்போது நெஞ்சுக்கு வந்துவிடும்.

கரையில் கழியும் முதல் அரை மணி

புதியவருக்கு 8 அல்லது 9 அடி நீளமுள்ள, மேலே மென்மையான நுரைப்பொருள் போர்த்திய பலகையைத் தருவார்கள். கூரான சிறிய பலகை அழகாக இருக்கிறதே என்று அதைக் கேட்காதீர்கள். நீளமும் அகலமும் கூடக்கூடப் பலகை நன்றாக மிதக்கும், மெதுவான நுரை அலையையும் பிடித்துக்கொண்டு ஓடும், தலையில் இடித்தாலும் அடி பலமாக இருக்காது. உங்கள் எடைக்கு ஏற்ற பலகையைப் பயிற்சியாளர் தேர்ந்தெடுக்கும்போது ஏன் இதை எடுத்தீர்கள் என்று கேளுங்கள். அடுத்த முறை நீங்களே தேர்ந்தெடுக்க அந்தப் பதில் உதவும்.

தண்ணீரில் இறங்குமுன் ஐந்து நிமிடம் கடலைப் பார்க்க வேண்டும். பயிற்சியாளர் அதைச் செய்யாமலே உங்களை அழைத்துச் சென்றால் நீங்களே நின்று கேளுங்கள்: அலை எங்கே உடைகிறது, எங்கே உடையாமல் இருக்கிறது, இழுவை எந்தப் பக்கம்? அலையின் உயரத்தைவிடச் சற்றே கூடுதலான ஆழத்துக்கு வந்ததும் அதன் அடிப்பகுதி தரையில் உரசித் தாமதிக்கிறது, மேற்பகுதி முந்திக்கொண்டு கவிழ்கிறது. ஆகவே ஓரிடத்தில் அலை உடைகிறது என்றால் அங்கே மேடு இருக்கிறது என்று பொருள். இரண்டு உடையும் இடங்களுக்கு நடுவே அமைதியாகத் தெரியும் இடம்தான் புதியவரை ஏமாற்றும். கரைக்கு ஏறிய தண்ணீர் எல்லாம் திரும்பிப் போகும் வாய்க்கால் அதுவாக இருக்கலாம். அங்கே நிற்பவரை அது கடலுக்குள் இழுத்துக்கொண்டு போகும். கரையைக் காக்கக் கல் கொட்டி அமைத்த தூண்டில் வளைவுகளை ஒட்டியும் இப்படிப்பட்ட இழுவை உண்டாகும். அதில் அகப்பட்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாமல், பலகையை விடாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் துழாவிக்கொண்டு வெளியே வர வேண்டும். இதை உங்கள் பயிற்சியாளர் வாயால் ஒருமுறை சொல்லக் கேட்டு, அன்றைய கடலில் அந்த இடம் எது என்று அவர் விரலால் சுட்டிக்காட்டப் பார்த்துவிடுங்கள். அலைகள் கூட்டம் கூட்டமாக வருவதையும், ஒரு கூட்டத்துக்கும் அடுத்ததற்கும் இடையே கடல் ஓய்வதையும் அப்போதே கவனிக்கலாம். மீனவர்கள் படகைத் தள்ளி இறக்குவது அந்த ஓய்வைக் கணக்கிட்டுத்தான்.

பிறகு பயிற்சியாளர் ஈர மணலில் பலகையின் வடிவத்தை விரலால் கோடிழுத்து, நடுவே ஒரு நீளக் கோடும் போடுவார். எந்தக் கால் முன்னால் வரும் என்பதை அங்கேதான் தீர்மானிப்பார்கள். பின்னாலிருந்து மெல்லத் தள்ளினால் விழாமலிருக்க எந்தக் காலை முன்வைக்கிறீர்களோ அதுவே பெரும்பாலும் பலகையிலும் முன்கால். மற்றதில் லீஷைக் கட்டுவார்கள். இதைப் பயிற்சியாளரின் தீர்ப்புக்கு மட்டும் விட்டுவிடாமல் இரண்டு விதமாகவும் நின்று பாருங்கள். இரண்டாவது பாடத்தில் காலை மாற்றியவர்களும் உண்டு.

எழும் முறையைச் சர்ஃபிங் பழகுவோர் பாப்-அப் என்கிறார்கள். கோட்டின்மேல் குப்புறப் படுத்து, உள்ளங்கைகளைக் கீழ்விலாவுக்குப் பக்கத்தில் தட்டையாக ஊன்ற வேண்டும். பலகையின் ஓரத்தை விரல்களால் பற்றக் கூடாது, ஏனெனில் ஓரத்தைப் பற்றினால் எந்தக் கையில் வலு அதிகமோ அந்தப் பக்கம் பலகை சாய்ந்துவிடும். புஜங்காசனம் பழகியவர்களுக்கு அடுத்த நிலை எளிது: மார்பை உயர்த்தி, முகத்தை நிமிர்த்தி, கைகள் நேராகும்போது பின்காலைக் குறுக்காக வைத்து, அது ஊன்றியதும் முன்காலை இரண்டு கைகளுக்கும் நடுவே கொண்டுவர வேண்டும். முன்பாதம் நீளக் கோட்டின்மேல் சற்றே சாய்ந்து இருக்கட்டும். முழங்கால்கள் மடங்கியிருக்க வேண்டும், இடுப்பு வளையக் கூடாது. முழங்காலில் மண்டியிட்டு நின்று பிறகு எழலாம் என்று தோன்றும். அந்தப் பழக்கம் முதல் நாளே ஒட்டிக்கொண்டால் பிறகு பிரிப்பது கடினம், ஆகவே மணலில் பத்துப் பதினைந்து முறை இதைச் சரியாகச் செய்யும்வரை தண்ணீருக்கு அவசரப்படாதீர்கள். உங்கள் ஒருவருக்காக மட்டும் அவர் நிற்பதால், ஒவ்வொரு முறையும் கால் எங்கே போய் விழுந்தது என்று மணல் தடத்தைப் பார்த்தே திருத்துவார்.

விழுவதையும் கரையிலேயே கற்க வேண்டும். பலகைக்கு முன்னால் விழாமல் பக்கவாட்டிலோ பின்னாலோ, பாயாமல், உடலைப் பரப்பித் தட்டையாக விழ வேண்டும்; ஏனெனில் கீழே இடுப்பளவு தண்ணீர்தான், தலைகீழாகப் போனால் கழுத்து மணலில் மோதும். விழுந்ததும் இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு, ஒரு நொடி பொறுத்து, கையை முன்னால் நீட்டியபடியே மேலே வாருங்கள். பலகை எங்கே இருக்கிறது என்று தெரியாமல் முகத்தை முதலில் வெளியே நீட்டுபவர்களுக்குத்தான் மூக்கிலும் பல்லிலும் அடி படுகிறது.

தண்ணீரில்

பலகையை உங்களுக்கும் அலைக்கும் நடுவே ஒருபோதும் குறுக்காகப் பிடிக்காதீர்கள். ஒரு சிறிய அலைகூட அதை உங்கள் வயிற்றில் கொண்டுவந்து இடித்துவிடும். பலகை உங்கள் பக்கவாட்டில், அதன் மூக்கு, அதாவது முன்முனை, நேரே கடலைப் பார்த்திருக்க வேண்டும். அலை வரும்போது முனையைச் சற்றுத் தூக்கிவிட்டால் அது மேலேறிப் போய்விடும். கால்களைத் தூக்கி வைத்து நடக்காமல் மணலில் தேய்த்துக்கொண்டு போங்கள். மணலுக்குள் திருக்கை புதைந்திருந்தால், தேய்க்கும் அதிர்வுக்கு அது விலகிவிடும். மிதித்தால் வால்முள் பாயும்.

இடுப்பளவு ஆழத்தில் பயிற்சியாளர் பலகையைக் கரைப்பக்கம் திருப்பி, உங்களைப் படுக்கச் சொல்வார். இங்கேதான் தனிப் பயிற்சியின் அருமை தெரியும். நான் படுத்ததும் அவர் பின்னால் நின்று பலகையின் வாலைப் பிடித்துப் பார்த்துவிட்டு, என் கணுக்காலைத் தொட்டு, "இன்னும் நாலு விரல் கீழ வாங்கண்ணா" என்றார். அந்த நாலு விரற்கடை இறங்கியதும் பலகையின் மூக்கு தண்ணீருக்குச் சற்று மேலே வந்து நின்றது. முன்னால் அதிகம் போய்ப் படுத்தால் மூக்கு தண்ணீரில் குத்திப் பலகை கவிழும். பின்னால் அதிகம் போனால் மூக்கு வானத்தைப் பார்க்கும், பலகை ஓடாது. சரியான இடம் அமைந்ததும் உங்கள் தாடையோ மார்போ பலகையில் எந்த அடையாளத்துக்கு நேரே வருகிறது என்று பார்த்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அன்று முழுவதும் அந்த அளவு உதவும்.

முதல் மூன்று நான்கு அலைகளில் எழ முயலவே வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். படுத்தபடியே கரைவரை போங்கள். அவர் தள்ளிவிட்ட பிறகு நுரை பின்னாலிருந்து வந்து கால்மாட்டைத் தூக்கும். பலகை ஒரு கணம் தயங்கி, பிறகு திடீரென்று இலேசாகி ஓடத் தொடங்கும். அந்த மாற்றத்தை உடல் அடையாளம் கண்டுகொள்ள வேண்டும், ஏனெனில் எழ வேண்டிய நேரம் அதற்கு அடுத்த கணம்தான். அதற்கு முன்பே எழுந்தால் பலகை இன்னும் வேகம் பிடித்திருக்காது, மிதிவண்டியை நிற்கவைத்தே ஏறியது போல் சாய்ந்துவிடும். படுத்தபடி போகும்போதே வலப்பக்கம் சற்று எடையைச் சாய்த்தால் பலகை வலப்பக்கம் திரும்புவதையும், மார்பை உயர்த்தினால் வேகம் குறைவதையும் சோதித்துப் பாருங்கள்.

அதன் பிறகு எழலாம். என்னை அவர் திருத்திய இரண்டாவது அலையில் நடந்தது இதுதான். விழுந்து எழுந்து திரும்பி வந்தேன். கையைக் காட்டச் சொன்னார். காட்டியதும், "ஓரத்தைப் பிடிச்ச தழும்பு விரல்ல இருக்கு பாருங்க" என்றார். அடுத்த முறை உள்ளங்கையை விரித்து ஊன்றி எழுந்தேன், ஆனால் குனிந்து என் காலைப் பார்த்தேன், மறுபடியும் விழுந்தேன். "காலைப் பார்க்காதீங்கண்ணா, அந்த மஞ்சள் படகைப் பாருங்க" என்று கரையில் ஏற்றி வைத்திருந்த ஒரு ஃபைபர் படகைக் காட்டினார். தலை குனிந்தால் உடலின் எடையே முன்னால் சரிந்துவிடும் என்பதை விளக்கமாகச் சொல்லியிருந்தால் எனக்கு அவ்வளவு விரைவில் பதிந்திருக்காது. படகைப் பார்த்தபடி எழுந்தேன். கரை வரும்வரை நின்றுகொண்டே வந்தேன். உங்களுக்கும் கண் வைக்க ஓர் இலக்கைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். தென்னையோ கொடிக்கம்பமோ, அசையாமல் நிற்கும் எதுவும் ஆகும்.

ஒவ்வொரு அலைக்குப் பிறகும் ஒரே ஒரு திருத்தத்தை மட்டும் சொல்லுமாறு பயிற்சியாளரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது மிகவும் பயன் தரும். கை, கால், பார்வை, நேரம் என்று நான்கையும் ஒன்றாகச் சொன்னால் தண்ணீரில் ஒன்றும் நினைவுக்கு வராது. நீங்களும் திரும்பி வந்ததும், என்ன உணர்ந்தீர்கள் என்பதை ஒரு வாக்கியத்தில் சொல்லுங்கள். வெளியிலிருந்து அவர் பார்த்ததும் உள்ளிருந்து நீங்கள் உணர்ந்ததும் பொருந்தாத இடத்தில்தான் தவறு ஒளிந்திருக்கும். களைப்பு வந்தால் மறைக்க வேண்டாம். ஐந்து நிமிடம் கரையில் அமர்ந்து தண்ணீர் குடித்துவிட்டு இறங்குங்கள். தோள் ஓய்ந்த பிறகு எடுக்கும் பத்து அலைகளைவிட, தெம்போடு எடுக்கும் மூன்று அலைகள் மேல்.

பாடத்தின் கடைசிக் கால் மணி நேரத்தில் தள்ளிவிடாமல் நீங்களே அலையைத் தேர்ந்தெடுத்துத் துழாவிப் பார்க்க வாய்ப்புக் கேளுங்கள். பெரும்பாலும் தவறிப்போகும். ஆனாலும் எந்த அலை உங்களைத் தூக்கும், எது அடியில் நழுவிப் போய்விடும் என்று நீங்களாகக் கணித்து, அந்தக் கணிப்பு சரியா என்று பக்கத்தில் நிற்பவரிடம் உடனுக்குடன் கேட்கக் கிடைக்கும் வாய்ப்பு இது. குழு வகுப்பில் கிடைக்கவே கிடைக்காது.

கரையோடு பழகும் முறை

இந்தக் கடற்கரை முதலில் மீனவர்களின் பணியிடம். படகு கரையேறும் பாதையில் நிற்காதீர்கள். அலையில் ஏறி வரும் படகால் உங்களுக்காக நிற்க முடியாது. வலையைத் தாண்டிக் கால் வைக்காமல் சுற்றிப் போங்கள். தண்ணீரில் ஏற்கெனவே ஒருவர் எழுந்து வந்துகொண்டிருக்கும் அலையில் நீங்களும் ஏறக் கூடாது, ஓர் அலை ஒருவருக்குத்தான். விழும்போது பலகையை உதறிவிடுவதும் கூடாது. லீஷின் நீளமும் பலகையின் நீளமும் சேர்ந்த தூரத்துக்குள் யார் இருந்தாலும் அடிபடுவார்கள்.

சில நாள்களில் சொறி எனப்படும் ஜெல்லிமீன் மிதந்து வரும். பட்டால் எரியும். தேய்க்காமல், குழாய்த் தண்ணீர் ஊற்றாமல், கடல் தண்ணீராலேயே அலசி, ஒட்டியிருக்கும் இழைகளை வெறுங்கையால் தொடாமல் அகற்றுங்கள். பிறகு தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீர் படச் செய்தால் வலி தணியும். மூச்சு முட்டினாலோ முகம் வீங்கினாலோ காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வகுப்பு முடிந்த பின்

கரையேறியதும் உடனே கிளம்பிவிடாமல் பத்து நிமிடம் பயிற்சியாளரோடு உட்காருங்கள். உடன் வந்தவர் கைபேசியில் எடுத்த காட்சி இருந்தால் இருவரும் சேர்ந்து பாருங்கள். முன்கால் எங்கே விழுந்தது, எழும்போது பார்வை எங்கே இருந்தது என்ற இரண்டை மட்டும் கவனித்தால் போதும். அடுத்த பாடத்தை எதிலிருந்து தொடங்க வேண்டும் என்று கேட்டு, அவர் சொல்வதை அன்றே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை வேறொருவர் கற்றுக்கொடுத்தாலும் அந்தக் குறிப்பைக் காட்டலாம்.

மறுநாள் தோளும் கழுத்தின் பின்புறமும் விலாவும் வலிக்கும். இரண்டு மூன்று நாளில் சரியாகிவிடும். வலி அடங்கியதும் வீட்டில் பாய் விரித்து, நடுவே சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, நாளுக்குப் பத்து முறை பாப்-அப் பழகுங்கள். எதிர்ச்சுவரில் கண்மட்டத்தில் ஒரு காலண்டரை மாட்டி அதைப் பார்த்தபடியே எழுங்கள். இரண்டாவது பாடத்தை இரண்டு வாரத்துக்கு மேல் தள்ளிப்போடாதீர்கள், பலகை இலேசாகும் அந்தக் கணத்தின் உணர்வு உடலிலிருந்து விரைவில் மறைந்துவிடும். இரண்டாவதையும் தனிப் பயிற்சியாகவே எடுக்க வசதி இருந்தால் எடுங்கள். இல்லையென்றால் மூன்று பேருக்கு மேற்படாத சிறு குழுவில் சேர்ந்துகொள்ளலாம், அடிப்படைத் தவறுகள் முதல் பாடத்திலேயே திருத்தப்பட்டிருப்பதால் அப்போது குழு வகுப்பும் பலன் தரும். இலங்கைத் தமிழர்களுக்கும் அங்கே பயணம் போகிறவர்களுக்கும் கிழக்குக் கரையில் அறுகம்பை இருக்கிறது. மே முதல் செப்டம்பர் வரை அங்கே சர்ஃபிங் பருவம். வளைகுடாவின் உள்பக்கம் புதியவர்களுக்கேற்ற மெல்லிய அலைகள் வரும்.

பலகையை நன்னீரால் கழுவி, லீஷை வாலில் சுற்றி, நிழலில் சாய்த்து வைத்துவிட்டுக் கிளம்புங்கள். சாலைக்குத் திரும்புமுன் கடலை ஒருமுறை திரும்பிப் பாருங்கள். காலையில் வெறும் நுரையாகத் தெரிந்த இடத்தில், மேடு எங்கே, வாய்க்கால் எங்கே என்று இப்போது உங்களால் சொல்ல முடிகிறதா என்று பார்த்துவிட்டு, சந்தேகம் இருந்தால் பயிற்சியாளரிடமே கேட்டுவிட்டுப் போங்கள்.